தமிழ் பிரெய்லிக்கு உழைக்க நினைப்பவர் எங்கே கை வைப்பது?

வரலாற்றுப் பாடக் குறிப்பு ஒன்றைப் பிரெய்லியில் அச்சிட்டு, பார்வையற்ற ஆசிரியை ஒருவரிடம் சரிபார்க்கக் கொடுத்திருந்தேன். இரண்டாம் வரியிலேயே அவருடைய விரல் நின்றுவிட்டது. "தம்பி, இது என்ன வருஷம்? பத்தொன்பதாயிரத்து நானூற்று எழுபத்தொன்பதா?" என்று கேட்டார். மூலத்தில் நான் தட்டச்சு செய்திருந்தது '1947இல்' என்பதுதான். பிரெய்லியில் எண்களுக்கென்று தனி வடிவங்கள் கிடையாது. ஒரு கட்டத்தில் ஆறு புள்ளிகளுக்கு இடம் உண்டு; இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3, வலப்பக்கம் 4, 5, 6 என்று அவற்றை எண்ணுவார்கள். எண்குறியை முன்னால் இட்டுவிட்டு, ஆங்கிலத்தின் ஏ முதல் ஜே வரையுள்ள பத்து எழுத்துகளின் கட்டங்களையே 1 முதல் 0 வரை எண்களாகப் படிக்கிறார்கள். 9க்கு உரிய கட்டம் 2, 4 ஆகிய புள்ளிகள். தமிழ் இகரத்துக்கு உரியதும் அதே 2, 4 தான். ஆண்டோடு ஒட்டி வந்த இகரம் ஐந்தாவது இலக்கமாகிவிட்டது. கண்ணால் படிப்பவருக்குத் தோன்றவே தோன்றாத பிழை இது. விரலால் படிப்பவருக்கோ பாடத்தின் இரண்டாம் வரியிலேயே கால் இடறுகிறது.

அந்தக் குறிப்பை மாற்றித் தந்தது, ஆர்வலர்கள் சிலர் சேர்ந்து எழுதிய ஒரு சிறு நிரல். எழுதியவர்கள் வேறு வேலைகளுக்குப் போய்விட்டார்கள். பிழையைச் சொல்வதற்கும் ஆளில்லை. அப்போதுதான் எனக்குள் இந்தக் கேள்வி எழுந்தது. தமிழ் பிரெய்லி மென்பொருளுக்கு வாரத்தில் ஓரிரு மணி நேரம் கொடுக்கத் தயாராக இருக்கும் ஒருவர், அந்த நேரத்தை எங்கே போட்டால் அது வீணாகாமல் நிற்கும்? இருக்கும் வழிகளைச் சில மாதங்கள் ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகு எனக்கு ஏற்பட்ட கருத்தை இங்கே எழுதுகிறேன். எல்லா வழிகளும் சமமானவை என்று நான் நினைக்கவில்லை, ஆகவே எல்லாவற்றுக்கும் சம இடமும் தரப்போவதில்லை.

முதலில் பலரும் இறங்குவது சொந்தமாக ஒரு மாற்றியை எழுதும் வழியில். கல்லூரி இறுதியாண்டுத் திட்டங்களில் இது மிகவும் விரும்பப்படும் தலைப்பு. 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் என்று 247 எழுத்துகளுக்கும் ஒரு பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே புள்ளிகளை எழுதிவிட்டால், பைத்தானில் ஓர் இரவில் முடிந்துவிடும் வேலை. திரையில் புள்ளிகள் வரிசையாக வருவதைப் பார்க்கும்போது மகிழ்ச்சியாகவும் இருக்கும். ஆனால் திரையில் உள்ளதைப் பேச்சாகவோ பிரெய்லியாகவோ தரும் திரைவாசிப்பான் எதுவும் அந்த நிரலை அழைக்கப் போவதில்லை. ஒரு மாணவி பிரெய்லி டிஸ்ப்ளேயில் (புள்ளிகள் எழுந்து தாழும், கணினியோடு இணைக்கும் கருவி) தட்டச்சு செய்வதைத் தமிழ் எழுத்தாகத் திருப்பித் தரும் வேலையை அது செய்யாது. எழுதியவரின் மடிக்கணினி பழுதானால் அதன் கதையும் முடிந்தது. கற்றுக்கொள்வதற்கு நல்ல பயிற்சி என்பதை மறுக்கவில்லை, நானும் அப்படி ஒன்றை எழுதித்தான் தொடங்கினேன். பயிற்சிக்கு எழுதியதைப் பயனாளரிடம் கொண்டுபோய்க் கொடுப்பதில்தான் தவறு தொடங்குகிறது.

காசு கொடுத்து வாங்கும் டக்ஸ்பரி போன்ற மென்பொருள்கள் பிரெய்லி அச்சகங்களில் நெடுங்காலமாகப் புழங்குகின்றன. அவற்றின் உள்ளே நாம் கை வைக்க முடியாது. பிழையைக் கண்டால் நிறுவனத்துக்கு எழுதலாம், அவ்வளவுதான். ஆகவே இந்தக் கட்டுரையின் கேள்விக்கு அவை வெளியே நிற்கின்றன.

யாரும் நிரலைப் பார்த்துத் திருத்தக்கூடிய திறமூல வழிகளில் நடுநாயகமாக இருப்பது, உரையைப் பிரெய்லியாகவும் பிரெய்லியை உரையாகவும் மாற்றும் லிப்லூயிஸ். பிரெய்லி முறையைக் கண்ட லூயி பிரெய்லின் பெயரைத் தாங்கிய இந்த நிரல்தொகுதி 2002இல் தொடங்கப்பட்டது. இதைத் தொடக்க காலத்தில் வளர்த்தெடுத்த ஜான் பாயர், பார்வையும் செவிப்புலனும் இல்லாத நிரலாளர். லினக்ஸ் முனையத்துக்கான (எழுத்துகள் மட்டுமே தோன்றும் கட்டளைத் திரை) பிஆர்எல்டிடிஒய் என்னும் திரைவாசிப்பானில் இருந்த மாற்று நிரலை அடியாகக் கொண்டே அவர் இதைக் கட்டினார். இன்று விண்டோஸில் என்விடிஏ, லினக்ஸில் ஓர்கா, காசுக்கு விற்கப்படும் ஜாஸ் ஆகியவை பிரெய்லிக்காக இந்தத் தொகுதியை அழைக்கின்றன. இதன் உரிமம் எல்ஜிபிஎல் வகையைச் சேர்ந்தது என்பதால்தான் விற்பனை மென்பொருள்களும் இதைச் சேர்த்துக்கொள்ள முடிகிறது. சிலருக்கு அது உறுத்தலாக இருக்கலாம். தம் இலவச உழைப்பை விற்பனைக்காரர் எடுத்துக்கொள்வதா என்று கேட்பார்கள். இங்கே எனக்கு அந்த உறுத்தல் இல்லை. விலை கொடுத்து வாங்கிய திரைவாசிப்பானில் படிக்கும் ஒருவரும் '1947இல்' என்பதைச் சரியாகப் படிக்க வேண்டியவர்தான்.

லிப்லூயிஸின் உள்கட்டுமானம் சி மொழியில் இருக்கிறது. ஆனால் மொழிகளைப் பற்றிய அறிவு அந்தச் சி நிரலில் இல்லை. ஒவ்வொரு மொழிக்கும் தனியே உள்ள அட்டவணைக் கோப்புகளில் இருக்கிறது. தமிழுக்கும் முதல்நிலை பிரெய்லிக்கான (சொற்களைச் சுருக்காமல் முழுதாக எழுதும் முறை) அட்டவணை ஏற்கெனவே உண்டு. அது சாதாரண உரைக் கோப்பு. நோட்பேடிலேயே திறந்து படிக்கலாம். ஒரு வரிக்கு ஒரு விதி, முதலில் கட்டளைச் சொல், பிறகு எழுத்து, பிறகு புள்ளிகள். இந்தப் பிரிவுதான் முடிவெடுப்பதில் முதல் கிளை. சி நிரலில் பங்களிப்பவர் எல்லா மொழிகளுக்கும் பொதுவாக உழைக்கிறார். அது பெரிய பணி, ஆனால் அதற்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. உலகில் சி தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். தமிழும் பிரெய்லியும் ஒருசேரத் தெரிந்து, கோப்பு ஒன்றைத் திருத்தவும் துணிந்தவர்கள் மிகச் சிலர். அந்தச் சிலரில் ஒருவர் தம் நேரத்தைச் சி நிரலில் போடுவது, வாழை இலை வெட்டத் தெரிந்த ஒரே ஆளை விறகு பிளக்க அனுப்புவது போன்றது.

அட்டவணையில் என்ன வேலை இருக்கிறது என்பதை அறியத் தமிழ் பிரெய்லியின் அமைப்பைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். இந்தியாவில் முன்பு பல குறிமுறைகள் இருந்தன; 1951ஐ ஒட்டி அவை ஒன்றாக்கப்பட்டு, பாரதி பிரெய்லி என்ற பொது முறை வந்தது. அதில் இந்திய மொழிகளின் எழுத்துகள் ஒலி ஒப்புமைப்படி கட்டங்களைப் பகிர்ந்துகொள்கின்றன. முடிந்த இடங்களில் ஆங்கில எழுத்தின் கட்டமே வருகிறது. ககரம் 1, 3. மகரம் 1, 3, 4. உயிரெழுத்துக்கும் அதன் உயிர்மெய்க் குறிக்கும் ஒரே கட்டம். கண்ணால் எழுதும்போது ககரத்தின் இடப்பக்கம் வரும் கொம்பு, பிரெய்லியில் ஒலி வரிசைப்படி ககரத்துக்குப் பின்னால்தான் வரும். கணினியின் ஒருங்குறியும் (யூனிகோடு) அதே வரிசையில் சேமிப்பதால் இங்கே சிக்கல் இல்லை.

சிக்கல் மெய்யெழுத்தில் இருக்கிறது. ஒருங்குறியில் 'க்' என்பது முதலில் ககரம், பிறகு புள்ளி. பிரெய்லியிலோ மெய்யின் தலைப்புள்ளிக்கு உரிய கட்டமான 4ஆம் புள்ளி முதலில் வரும், ககரம் அதன்பின் வரும். 'அம்மா' என்ற சொல்லை விரல் படிக்கும் வரிசை 1, பிறகு 4, பிறகு 1-3-4, மீண்டும் 1-3-4, இறுதியில் 3-4-5. எழுத்துக்கு எழுத்து நேராக மாற்றும் எந்த முறையும் இங்கே தோற்றுவிடும். வரிசையை மாற்றத் தெரிந்த முறை வேண்டும். லிப்லூயிஸ் அட்டவணையில் இதற்கு எளிய வழி உண்டு. அது எப்போதும் மிக நீளமான பொருத்தத்தையே முதலில் எடுத்துக்கொள்ளும். ஆகவே 'க்' என்ற இணையை ஒரே அலகாகக் கொடுத்து, '4-13' என்று எதிரே எழுதிவிட்டால் போதும்.

இந்த ஒரு செய்தியே இன்னொரு தேர்வை முடித்து வைக்கிறது. பிஆர்எல்டிடிஒய் தனக்கென்று வைத்திருக்கும் எழுத்து அட்டவணைகளில், ஓர் எழுத்துக் குறியீட்டுக்கு ஒரு கட்டம் என்பதே விதி. முனையத்தில் ஒவ்வோர் எழுத்தும் எந்த இடத்தில் நிற்கிறது என்று துல்லியமாக அறிய வேண்டிய நிரலாளருக்கு அது பொருத்தமானது. தமிழ்ப் பாடம் படிப்பவருக்குப் பொருந்தாது, ஏனெனில் புள்ளியை முன்னால் நகர்த்த அந்த அட்டவணைக்குத் தெரியாது. சுருக்க அட்டவணை என்ற இன்னொரு வகை அங்கேயும் உண்டு; லிப்லூயிஸையே பயன்படுத்திக்கொள்ளவும் அதனால் முடியும். அப்படியிருக்க, ஒரே தமிழ் அறிவை இரண்டு இடங்களில் எழுதி வைத்து இரண்டையும் பராமரிப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. லினக்ஸ் முனையத்திலேயே வாழ்பவர் என்றால் மட்டும் அங்கே போகலாம்.

இனி, நேரத்தை உண்மையில் விழுங்கும் பகுதிக்கு வருகிறேன். தமிழிலிருந்து பிரெய்லிக்கு மாற்றுவது ஒரு திசை. பிரெய்லியிலிருந்து தமிழுக்குத் திருப்புவது மறு திசை. பிரெய்லி டிஸ்ப்ளேயின் ஆறு விசைகளில் தேர்வு எழுதும் மாணவருக்கு இரண்டாவது திசைதான் உயிர். ஆறு புள்ளிகளைக் கொண்டு வெற்றிடம் நீங்கலாக 63 வடிவங்கள்தான் எழுத முடியும். எழுத்து, எண், நிறுத்தக்குறி எல்லாம் இந்த 63க்குள் நெருங்கி உட்கார்ந்திருக்கின்றன. தமிழில் ணகரத்துக்கு உரிய கட்டம் 3-4-5-6. எண்குறிக்கு உரிய கட்டமும் 3-4-5-6.

'9 மணி' என்று எழுதிப் பாருங்கள். முதல் சொல்லில் 3-4-5-6, 2-4. இரண்டாம் சொல்லில் 1-3-4, அதன்பின் அதே 3-4-5-6, அதே 2-4. விதி சரியாக எழுதப்படாவிட்டால் திரும்பி வருவது '9 ம9'. 'குணசேகரன்' என்ற பெயர் இன்னும் வேடிக்கையானது. ணகரத்தை அடுத்து வரும் சகரம் 1-4, அது எண்ணாகப் படித்தால் 3. அடுத்த ஏகாரம் 1-5, அது 5. ஆக, தன் பெயரைத் தட்டச்சு செய்த மாணவருக்குத் திரையில் 'கு35கரன்' என்று வரக்கூடும். விரலால் படிப்பவர்கள் இதில் தடுமாறுவதில்லை. ணகரம் தமிழில் சொல் முதலில் வராது என்பது அவர்கள் விரலுக்குத் தெரியும். சொல்லின் தொடக்கத்தில் வந்தால் எண், எழுத்துக்குப் பின்னே வந்தால் ணகரம். இந்த இலக்கண அறிவை அட்டவணையின் சூழல் விதிகளாக எழுத முடியும். ஆனால் அப்படி எழுதி முடித்துக் கையைத் துடைத்துக்கொள்ளும் நேரத்தில், ரயில் பயணக் குறிப்பில் 'எஸ்5 பெட்டி' என்று ஒருவர் எழுதியிருப்பார். அது 'எஸ்ணே பெட்டி' என்று திரும்பி வரும். எண்குறிக்கு முன் இடைவெளி விடுவதா, இணைப்புக்கோடு இடுவதா என்று முடிவு செய்யாமல் இதற்குத் தீர்வு இல்லை. ஆங்கிலத்தில் இத்தகைய இடங்களுக்கு 5-6 என்ற எழுத்துக்குறி கைகொடுக்கும். தமிழில் 5-6 என்பது னகரம். அந்தக் கதவும் அடைபட்டிருக்கிறது.

ஆங்கில எழுத்து கலந்த தமிழ் உரையில் இதே நெருக்கடி வேறு முகத்தோடு வருகிறது. ரோமன் எழுத்தில் எழுதிய ஏடிஎம் என்ற மூன்று எழுத்துகளும், மொழி மாறுகிறது என்ற அறிவிப்பு எதுவும் இல்லாமல் வந்தால், விரலுக்கு 'அதம' என்றுதான் படும். வங்கிச் சுற்றறிக்கையில் அதமம் எங்கிருந்து வந்தது என்று படிப்பவர் யோசிக்க வேண்டியிருக்கும்.

கணினியில் தமிழ் சேமிக்கப்படும் விதமும் தன் பங்குக்குக் குழப்புகிறது. 'கொ' என்பதில் உள்ள குறியை ஒருங்குறியில் ஒரே குறியீடாகவும் வைக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலும் என்று இரண்டாகப் பிரித்தும் வைக்கலாம்; கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பிரித்து வைத்த வடிவத்துக்கு விதி இல்லையென்றால், 'கொடி' என்பது எகரமும் ஆகாரமும் அடுத்தடுத்து நிற்கும் விநோதச் சொல்லாகிவிடும். ஔகாரக் குறிக்குப் பதிலாக ளகரத்தைத் தட்டச்சு செய்பவர்கள் எத்தனையோ பேர். 'ஸ்ரீ' என்ற எழுத்தையும் இரண்டு வேறு மெய்களில் தொடங்கி எழுதலாம், எழுத்துரு இரண்டையும் ஒன்றாகவே வரைந்து காட்டும். சில தட்டச்சு மென்பொருள்கள் சொல்லின் நடுவே கண்ணுக்குத் தெரியாத இணைப்பு நீக்கியை விட்டுவிட்டுப் போகும். அட்டவணையில் வரையறுக்கப்படாத ஒரு குறியீடு எதிர்ப்பட்டால் லிப்லூயிஸ் இயல்பாக அதன் பதினாறடிமான எண்ணை (ஒருங்குறியில் அதற்குரிய எண்) அப்படியே கட்டங்களில் கொட்டும். ஒரு கவிதை வரியின் நடுவே மேற்கோள் குறி, சாய்கோடு, நான்கு இலக்கம், மீண்டும் மேற்கோள் குறி என்று விரலில் தட்டுப்பட்டால் படிப்பவருக்கு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவையும் விரித்துச் சொன்னதற்குக் காரணம், பங்களிப்பின் இரண்டு வகைகளை இங்கே பிரித்துக் காட்டுவதுதான். ஒன்று, விதியை எழுதுவது. மற்றொன்று, விதி சரியா என்று சொல்லும் சோதனையை எழுதுவது. லிப்லூயிஸில் சோதனைகள் யாமல் என்ற எளிய வடிவத்தில் தனிக் கோப்புகளாக இருக்கின்றன. மேலே எந்த அட்டவணை என்ற குறிப்பு. அதன்பின் வரிக்கு வரி, இந்தத் தமிழ்ச் சொல்லைக் கொடுத்தால் இந்தப் பிரெய்லி வர வேண்டும் என்ற இணை. யாராவது அட்டவணையில் ஒரு வரியை மாற்றினால், இந்தச் சோதனைகள் எல்லாம் மீண்டும் ஓடி, எது உடைந்தது என்று காட்டிவிடும். இப்போதைக்குத் தோற்கும் என்று தெரிந்தே வைத்திருக்கும் சோதனைக்கு அப்படியே குறியிட்டு, காரணத்தையும் எழுதி வைக்கும் வசதி உண்டு.

நிரலாளர்களுக்கு விதி எழுதுவதில்தான் ஆசை. என் தீர்ப்பு மறுபக்கம் சாய்கிறது. முதலில் போய்ச் சேர வேண்டியது சோதனைக் கோப்புதான் என்று உறுதியாகச் சொல்வேன். லிப்லூயிஸைப் பராமரிப்பவர்கள் எத்தனையோ மொழிகளின் அட்டவணைகளைக் கையாளுகிறார்கள். அத்தனை மொழிகளும் அவர்களுக்குத் தெரிந்திருக்க முடியாது. தமிழுக்கு நீங்கள் அனுப்பும் திருத்தத்தைக் கோப்பின் வடிவம் சரியா, சோதனைகள் தேறுகின்றனவா என்றுதான் அவர்களால் பார்க்க முடியும். 'குணசேகரன்' சரியாக வந்திருக்கிறதா என்று அங்கே யாரும் கேட்கப் போவதில்லை. எனவே சோதனை இல்லாமல் அனுப்பிய விதி, அனுப்பியவரின் நினைவில் மட்டுமே சரியாக இருக்கிறது. இரண்டு ஆண்டு கழித்து வேறொருவர் நல்ல எண்ணத்தோடு அதை மாற்றிவிட்டால், தடுக்க எதுவும் இல்லை. சோதனை இருந்தால், விதியை யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். தமிழ் ஓர் எழுத்தும் தெரியாத நிரலாளர்கூட, தோற்கும் சோதனையைப் பார்த்துச் சரிசெய்ய முடியும்.

சோதனை எழுதுவதில் இன்னொரு நன்மை, அதைத் தனியாக எழுத முடியாது என்பதே. பிரெய்லி படிக்கும் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். நான் அந்த ஆசிரியையிடம் சொற்களை வாய்விட்டுச் சொல்வேன், அவர் பெர்கின்ஸ் பிரெய்லர் என்னும் பிரெய்லித் தட்டச்சுப்பொறியில் அடித்து, தாளைத் தடவிப் பார்த்து, கட்டம் கட்டமாகப் புள்ளி எண்களைச் சொல்வார், நான் குறித்துக்கொள்வேன். ஒரு சனிக்கிழமைப் பிற்பகலில் நாற்பது சொற்கள்தான் முடிந்தன. ஆனால் அந்த நாற்பதும் புத்தகத்து அட்டவணையைப் பார்த்து எழுதியவை அல்ல, முப்பது ஆண்டு படித்த விரல் சொன்னவை. இடையில் ஓரிடத்தில் நான் அச்சிட்ட பட்டியலைக் காட்டி வாதாடப் பார்த்தேன். "உங்க பட்டியல் இருக்கட்டும் தம்பி, பிள்ளைங்க இப்படித்தான் எழுதுறாங்க" என்றார். அப்படிப்பட்ட இடங்களில் யார் சொல்வது முடிவு என்பது கடினமான கேள்விதான். அதிகாரபூர்வமான குறிமுறையைப் பின்பற்றுவதே பாதுகாப்பு. பழக்கம் அதிலிருந்து விலகும் இடங்களைக் கோப்பிலேயே குறிப்பாக எழுதி வைத்து, டேராடூனில் தலைமையகம் கொண்ட பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் போன்ற இடங்களில் கேட்டுத் தெளிவுபெறலாம்.

என்விடிஏ பக்கம் உழைப்பது இதற்கு மாற்றா என்று கேட்கலாம். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் 2006இல் தொடங்கி, ஜேம்ஸ் டே என்பவரும் சேர்ந்து, பார்வையற்ற நிரலாளர்களான இருவரும் வளர்த்தெடுத்த இந்த இலவசத் திரைவாசிப்பானைத் தமிழர்கள் நிறையப் பேர் பயன்படுத்துகிறார்கள். அதன் இடைமுகத்தைத் தமிழில் பெயர்ப்பது, குறியீடுகளுக்குத் தமிழ் ஒலிப்புத் தருவது முதலிய வேலைகள் அங்கே எப்போதும் இருக்கின்றன. நல்ல தமிழ் நடை உள்ளவருக்கு அது உகந்த பணி. பிரெய்லி தெரிய வேண்டியதில்லை. ஆனால் பிரெய்லி மாற்றத்தில் பிழை கண்டவர் அதை என்விடிஏவில் திருத்த முடியாது, ஏனெனில் பிழை இருக்கும் இடம் லிப்லூயிஸ். ஒரு வசதி மட்டும் அங்கே உண்டு. அண்மைப் பதிப்புகளில் துணைநிரல் வழியாகச் சொந்த அட்டவணையைச் சேர்த்துப் பார்க்கலாம். லிப்லூயிஸ் ஏறத்தாழ மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வெளியாகிறது. அது என்விடிஏவின் அடுத்த பதிப்பில் சேர்ந்து, பயனாளரின் கணினிக்கு வர மேலும் சில மாதங்கள் ஆகலாம். அந்தக் காத்திருப்புக் காலத்தில், திருத்திய அட்டவணையைத் துணைநிரலாக்கி ஐந்தாறு பேரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வது மிகவும் பயனுள்ளது. அதையே இறுதி இடமாக வைத்துக்கொண்டால் மட்டும் பழைய கதைதான். மூலத்தில் சேராத அட்டவணை, தனிமாற்றியைப் போலவே ஒருநாள் அனாதையாகிவிடும்.

நூல்களைப் பக்கம் பக்கமாக அமைக்கும் மென்பொருள்களும் இருக்கின்றன. அமெரிக்கப் பார்வையற்றோர் அச்சகம் உருவாக்கிய பிரெய்ல் பிளாஸ்டர் அவற்றில் ஒன்று. தலைப்பு, பக்க எண், அட்டவணை, அடிக்குறிப்பு ஆகியவற்றைத் தாளில் ஒழுங்குபடுத்துவது அதன் வேலை. எழுத்தை மாற்ற அதுவும் லிப்லூயிஸைத்தான் அழைக்கிறது. அமெரிக்கப் பாடநூல்களின் தேவையை வைத்துக் கட்டியது என்பதால், ஜாவா தெரிந்த தமிழர் ஒருவர் அதில் புகுவதை நான் தடுக்கமாட்டேன், பரிந்துரைக்கவும் மாட்டேன். எழுத்து சரியாகாமல் பக்கம் அழகாகி என்ன பயன்?

ஆகவே, வருகிறவரைப் பொறுத்து நான் சொல்லும் பதில் இப்படி அமைகிறது. பிரெய்லி படிக்கத் தெரிந்தவர், கணினியில் உரைக் கோப்பைத் திருத்தவும் தெரிந்தவர் என்றால், அவர் வேறெங்கும் போகக் கூடாது. லிப்லூயிஸின் தமிழ்ச் சோதனைகளும் அட்டவணையும்தான் அவருக்கான இடம். நிரல் தெரியும், பிரெய்லி தெரியாது என்பவர், விதி எழுதத் தொடங்கும் முன் பிரெய்லி படிக்கும் ஒருவரைத் தேடிக்கொள்ள வேண்டும். அதுவரை அட்டவணையை ஓட்டிப் பார்த்துப் பிழைகளைப் பட்டியலிடலாம். விண்டோஸுக்கு ஆயத்த நிலையில் கிடைக்கும் கோப்புகளை இறக்கிக்கொண்டு, கட்டளை வரியில் ஒரு சொல்லைக் கொடுத்தால் பிரெய்லியும், பிரெய்லியைக் கொடுத்தால் சொல்லும் வரும். முழு நிரலையும் தொகுக்க வேண்டிய தேவை முதல் நாளில் இல்லை. பிரெய்லி தெரியும், கணினிக் கோப்பு என்றாலே அச்சம் என்பவரிடம் கோப்பைப் பற்றிப் பேசவே வேண்டாம். அவர் பிரெய்லர் முன் அமர்ந்தால் போதும், எழுதிக்கொள்ள இன்னொருவர் இருக்கிறார். இரண்டும் தெரியாத, தமிழ் மட்டும் நன்றாக எழுதுபவருக்கு என்விடிஏவின் மொழிபெயர்ப்புப் பணி.

லிப்லூயிஸின் நிரல் இருக்கும் கிட்ஹப் தளத்தில், திருத்தத்தைச் சேர்க்கச் சொல்லும் முதல் கோரிக்கையை அனுப்பும்போது ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். முப்பது திருத்தங்களை ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்பாதீர்கள். ணகரச் சிக்கல் ஒரு கோரிக்கை, பிரித்து வைத்த ஒகரக் குறி இன்னொன்று என்று தனித்தனியே, ஒவ்வொன்றோடும் அதன் சோதனைகளையும் சேர்த்து அனுப்பினால், தமிழ் அறியாத பராமரிப்பாளராலும் எது எதற்காக என்று பின்தொடர முடியும். விளக்கத்தில் 'இது சரி' என்று எழுதுவதைவிட, எந்தக் குறிமுறையின்படி சரி என்றும், யார் விரலால் படித்துப் பார்த்தார்கள் என்றும் எழுதுவது நல்லது.

எங்கள் கோப்பில் இப்போது நூற்றுச் சொச்சம் சொற்கள் சேர்ந்திருக்கின்றன. 'மணி'யும் 'குணசேகரன்' பெயரும் முதல் பக்கத்திலேயே இருக்கின்றன. '1947இல்' என்ற வரியை மட்டும் தோற்கும் என்ற குறியோடு விட்டு வைத்திருக்கிறோம். ஆசிரியை தாம் எழுதும்போது எண்ணுக்கும் இகரத்துக்கும் நடுவே இணைப்புக்கோடு இடுகிறார். அவரோடு பணியாற்றும் இன்னொருவர் ஒரு கட்டம் இடைவெளி விடுகிறார். இருவருடைய மாணவர்களும் அவரவர் முறையில் பழகிவிட்டார்கள். இன்னும் இரண்டு பள்ளிகளில் விசாரித்துச் சொல்வதாக டீச்சர் சொல்லியிருக்கிறார். அதுவரை பாடக் குறிப்புகளில் நான் '1947ஆம் ஆண்டில்' என்று தட்டச்சு செய்து வருகிறேன். ஆகாரத்தின் 3-4-5 எந்த எண்ணும் இல்லை.